ஸ்கேனருக்கு முன்னால் ஒரு பட்டியல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் 1875-இல் தொடங்கியது. ஊர் அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. நூலகம் தாங்கியிருக்கும் பெயர் அந்த ஜில்லாவின் கலெக்டராக இருந்த ஜே. பி. பென்னிங்டனுடையது. 1910-இல் மதுரையிலும் திருநெல்வேலியிலும் சில பகுதிகளைப் பிரித்து ராமநாதபுரம் ஜில்லாவை அமைத்தபோது ஸ்ரீவில்லிபுத்தூர் அதற்குள் போனது. 1985-இல் ராமநாதபுரத்தையும் பிரித்தார்கள். ஊர் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தது. அந்த மாவட்டமும் கொஞ்ச காலம் காமராசர் மாவட்டம் என்ற பெயரில் இருந்தது. நூலகம் ஊரை விட்டு நகரவே இல்லை, ஆனால் அது இருக்கும் ஜில்லாவின் பெயர் மாறிக்கொண்டே வந்தது.

எந்த மின்னூலகத்தின் தேடல் பெட்டியிலும் 'விருதுநகர் மாவட்டம்' என்று தட்டிப் பாருங்கள். இந்த வட்டாரத்தைப் பற்றி 1910-க்கு முன் அச்சான எதுவும் அந்தப் பெயரில் வராது. அவை 'டின்னவெல்லி'யின் கீழ் இருக்கும். அடுத்த எழுபத்தைந்து ஆண்டுக் காலத்தவை 'ராம்நாடு' என்பதன் கீழ் கிடக்கும். புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஏற்றியாயிற்று. அதைத் தேடி வருகிறவருக்கோ அது கிடைக்கவில்லை. ஓர் ஊரின் நூல்களை மின்னுருவாக்கத் திட்டமிடுகிறவர்கள் சந்திக்கும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றில் ஒன்றைக்கூட ஸ்கேனர் தீர்க்காது.

ஆனால் மின்னூலகம் என்றதும் முதலில் பேச்சு வருவது ஸ்கேனரைப் பற்றித்தான். நன்கொடை கேட்டு எழுதும் மனுவின் முதல் வரியில் கருவியின் விலை இருக்கும். திறப்பு விழாப் புகைப்படத்திலும் கருவிதான் நடுநாயகம். இந்த வரிசையே தலைகீழ் என்பது என் கருத்து. ஸ்ரீவில்லிபுத்தூரின் மடவார் வளாகத்திலிருந்து ராஜபாளையம் வரை உள்ள பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் ஒரு மின் தொகுப்பு உருவாக வேண்டுமானால், முதலில் எதை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டாவதாக, எடுப்பதை எப்படி விவரிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். இந்த இரண்டையும் ஊரை அறிந்தவர்களால்தான் செய்ய முடியும். மூன்றாவதான படமெடுப்பைச் சென்னையிலிருந்து வரும் எந்தக் குழுவும் இரண்டு மாதத்தில் முடித்துக் கொடுத்துவிடும்.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நாடறிந்த சாட்சி ஒன்று உண்டு. 'டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா' என்ற பெருந்திட்டம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ராஜ் ரெட்டி முன்னெடுத்த பத்து லட்சம் புத்தகத் திட்டத்தின் இந்தியக் கிளை அது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் அதன் மையம். எண்ணிக்கையே குறியாக வேலை நடந்தது. லட்சக்கணக்கான நூல்கள் ஏறின. தமிழ் நூல்களின் தலைப்புகளை ரோமன் எழுத்தில், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் அடித்துவைத்தார்கள். சில நூல்களில் பக்கங்கள் விட்டுப்போயின, சிலவற்றில் விரல் விழுந்தது. காப்புரிமைச் சிக்கலில் அந்தத் தளம் பின்னாளில் முடங்கியது. அதன் படிகள் பெருமளவில் இன்டர்நெட் ஆர்கைவில் இருப்பதால் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. அங்கே பழைய தமிழ் நூல் ஒன்றைத் தேடி எடுக்கப் பழகியவர்களுக்குத் தெரியும்: சரியான தலைப்பை அடித்தால் வராது, எப்படித் தப்பாக அடித்திருப்பார்கள் என்று ஊகித்து அடிக்க வேண்டும். குறை சொல்ல மனம் வரவில்லை, பல நூல்களை நான் அதில்தான் படித்திருக்கிறேன். ஆனால் ஒரு நூலுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவிட்டு, தலைப்பைத் தமிழிலேயே அடித்திருந்தால் அந்த உழைப்பின் பயன் பல மடங்கு ஆகியிருக்கும்.

தமிழில் இதற்கு வேறு முன்மாதிரிகள் இருக்கின்றன. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களையும் தாள்களையும், 1992-இல் அவர் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கியதைக் கப்பலில் ஏற்றவில்லை. சென்னையிலேயே ஓர் ஆய்வு நூலகமாக நிறுவியது. அங்கே பட்டியலிடும் வேலை பன்னாட்டு நூலக விதிகளின்படி நடந்தது, நுண்படச் சுருளும் எடுத்தார்கள். அப்படிச் செய்த பட்டியல்தான் இன்று உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அந்தத் தொகுப்பைத் தேட வழி செய்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் வேறு பாதையில் போனது. படமே வேண்டாம், எழுத்தாகவே தட்டச்சு செய்வோம் என்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களைச் சேர்த்தார்கள். அரசின் பக்கம் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017-இல் தமிழ் மின்னூலகத்தைத் திறந்தது. இலங்கையில் 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் இவை எல்லாவற்றிலிருந்தும் மாறுபட்ட ஒன்றைச் செய்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இவ்வளவும் இருக்கும்போது ஸ்ரீவில்லிபுத்தூரோ ராஜபாளையமோ தனியாக ஒரு தொகுப்பு தொடங்குவானேன்? நியாயமான கேள்வி. திருக்குறள் பரிமேலழகர் உரையின் பழைய பதிப்பு ஒன்று உங்கள் நூலகத்தில் இருக்கிறதென்றால், அதைப் படமெடுக்கக் காசும் உழைப்பும் செலவிடுவதற்கு முன் மேலே சொன்ன தளங்களில் அது இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. பெரும்பாலும் இருக்கும். கந்தபுராண வசனம் இருக்கும், விவேக சிந்தாமணி பத்து விதமாக இருக்கும். ஊருக்கு ஊர் இவற்றையே திரும்பத் திரும்பப் படமெடுத்துக்கொண்டிருக்கிறோம். ஓர் ஊர் நூலகம் எடுக்க வேண்டியவை அந்த ஊரில் மட்டுமே கிடைப்பவை. அப்படிப் பார்த்தால் அலமாரியில் கௌரவமாக நிற்கும் தடித்த நூல்களை விட, பரணில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் மெல்லிய தாள்களுக்குத்தான் முன்னுரிமை.

இந்த வட்டாரத்தில் அப்படிப்பட்ட தாளுக்குக் குறைவில்லை. பக்கத்திலேயே சிவகாசி. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். பட்டாசு வந்தபோது இன்னும் அதிகமாக வேண்டியிருந்தது. பிறகு காலண்டர், டைரி, நோட்டுப் புத்தக அட்டை என்று இந்தியா முழுமைக்கும் இங்கிருந்து அச்சுப் போனது. அந்தப் படங்களுக்குப் பின்னால் கோவில்பட்டி கொண்டையராஜு போன்ற ஓவியர்களும் அவர்களுடைய சீடர்களும் இருந்தார்கள். அச்சுக்கலையின் வரலாற்றுக்கும், கடைத்தெருவின் வரலாற்றுக்கும், சாமி படங்களின் வரலாற்றுக்கும் இவை முதல்நிலைச் சான்று. ஆனாலும் ஒரு தீப்பெட்டி லேபிளை நூலகப் பதிவேட்டில் ஏற்ற நம் நூலகர்களுக்குக் கை வராது. அதற்கு வகுப்பு எண் ஏது? சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் உலகத்துக்கே வகைப்பாட்டு முறை வகுத்துக் கொடுத்தார். அவர் பாடம் சொல்லிக்கொடுத்த மாநிலத்தில் துண்டுத்தாளுக்கு இடம் ஒதுக்குவது இன்னும் வழக்கமாகவில்லை.

கோயில் திருவிழா நோட்டீஸ், ஆடிப்பூரத் தேரோட்ட அழைப்பு, நாடகக் கம்பெனி விளம்பரம், கும்மிப் பாட்டுச் சிறுபிரசுரம், பஞ்சாலைத் தொழிற்சங்கத் துண்டறிக்கை, கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை, பள்ளிக்கூட வெள்ளி விழா மலர், தேர்தல் நேரச் சுவரொட்டி, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவின் பழைய டப்பா லேபிள்: இவற்றில் பெரும்பாலானவை எந்தத் தேசிய நூலகத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்காது. 1954-இன் நூல் வழங்கல் சட்டப்படி பதிப்பாளர் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் படி அனுப்ப வேண்டும். நோட்டீஸ் அச்சடித்தவர் யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அச்சடித்த ஊரில் யாராவது எடுத்து வைத்திருந்தால் உண்டு.

இலங்கையின் நூலகம் திட்டம் செய்த காரியம் இதுதான். யாழ்ப்பாணத்தில் இறந்தவரின் நினைவாக அந்தியேட்டி நாளில் ஒரு சிறு மலர் அச்சிட்டு வழங்குவார்கள். அதற்குக் கல்வெட்டு என்றே பெயர். குடும்ப வரலாறு, ஊர்க் கோயில் பாடல், உறவினர் பெயர்கள் எல்லாம் அதில் இருக்கும். பல்கலைக்கழக நூலகங்கள் பொருட்படுத்தாத அந்த மலர்களை நூலகம் திட்டத்தார் தேடிச் சேர்த்தார்கள். பள்ளி மலர், ஊர்ச் சங்க மலர், சிற்றிதழ் எல்லாமே வந்தன. 1981-இல் மே முடிந்து ஜூன் பிறக்கும் இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்துபோன ஒரு சமூகத்துக்குத் துண்டுத்தாளின் அருமை தெரிந்திருந்தது.

தேர்வில் இன்னொரு கண்ணியும் உண்டு, மொழி. ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரின் வைணவ மரபில் கிரந்த எழுத்தும் மணிப்பிரவாள நடையும் கலந்தே கிடக்கும். 'தமிழ் நூல்கள்' என்று மட்டும் வரம்பு வகுத்தால் இந்த ஊர்களின் எழுத்து வாழ்க்கையில் ஒரு பெரும்பகுதி வெளியே போய்விடும். கிருஷ்ணதேவராயர் ஆண்டாளின் கதையைத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' என்று பாடினார். கதை நடக்கும் களம் ஸ்ரீவில்லிபுத்தூர். அதைத் தமிழாக்கியவர் ராஜபாளையத்தின் பன்மொழிப் புலவர் மு. கு. ஜகந்நாத ராஜா. தெலுங்கு மூலம், தமிழாக்கம், ஊரின் தலபுராணம் ஆகிய மூன்றும் பட்டியலில் ஒன்றையொன்று காட்ட வேண்டும். மொழிவாரியாகத் தனித்தனி அடுக்கில் வைக்கும் நூலகத்தில் இது நடக்காது. மின்பட்டியலில் ஒரு பொருள் தலைப்பைக் கூடுதலாகச் சேர்த்தால் போதும், நடந்துவிடும். காகித நூலகத்தால் முடியாததை மின்னூலகம் செய்யும் இடம் இது. இதற்காகத்தான் இத்தனை பாடும் படுகிறோம்.

ராஜபாளையத்தின் பக்கத்தில் நிறுவனத் தாள்களையும் மறக்கக் கூடாது. பூ. ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆட்சித் தலைமையில் இருந்தவர். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். 1948-இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம் 1950-இல் நடைமுறைக்கு வந்தபோது முதல்வர் அவரே. சொத்து வரியோடு நூலக வரியும் வசூலித்து ஊர்தோறும் நூலகம் நடத்தும் ஏற்பாடு அதிலிருந்து வருகிறது. அந்தச் சட்டம் நிறைவேறுவதற்கு எழுபத்து மூன்று ஆண்டு முன்பே, வரி எதுவும் இல்லாத காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஒரு நூலகம் வைத்திருந்தது என்பதை நினைத்தால், அப்படிப்பட்ட நூலகங்களின் கூட்டக் குறிப்பேடு, சந்தாப் பதிவேடு, வாங்கிய நூல்களின் வரவுப் பதிவேடு ஆகியவை நூல்களைவிட அரியவை என்பது புரியும். 1880-களில் ஒரு சிற்றூர் வக்கீலும் வாத்தியாரும் என்ன படித்தார்கள் என்பதை வேறு எந்த ஆவணம் சொல்லும்? நூலகத்தின் சொந்தப் பதிவேடுகளை மின்னுருவாக்கப் பட்டியலின் முதல் எண்ணாக வைக்க வேண்டும் என்பேன்.

அடுத்தது விவரிப்பு. உலக நூலகங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் டப்ளின் கோர் என்ற முறையில் பதினைந்து புலங்கள்: தலைப்பு, ஆக்கியவர், பொருள், வெளியீட்டாளர், தேதி, மொழி என்று போகும். எளிமையானது, சிறு நூலகத்துக்கு அதுவே போதும். ஆனால் தேதி என்ற ஒரே ஒரு புலத்தை நம் ஊர்ப் புத்தகத்தை வைத்து நிரப்பிப் பாருங்கள். தலைப்புப் பக்கத்தில் 'யுவ வருஷம் கார்த்திகை மாதம்' என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் யுவ 1875-76-இல் வந்தது, 1935-36-இல் வந்தது, 1995-96-இலும் வந்தது. திருநெல்வேலிச் சீமையில் கொல்லம் ஆண்டும் புழங்கியதால் சில தாள்களில் இரண்டும் சேர்ந்து இருக்கும், அப்போது பிழைத்தோம். யுவ வருஷத்தோடு கொல்லம் 1051 என்றிருந்தால் 1875-76. கொல்லம் 1111 என்றிருந்தால் 1935-36. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால் டிசம்பர் வரை 824-ஐயும் ஜனவரியிலிருந்து 825-ஐயும் கூட்ட வேண்டும். கொல்லம் ஆண்டு இல்லாமல் யுவ மட்டும் இருக்கிறது என்றால் அச்சகத்தின் பெயர், எழுத்தின் வார்ப்பு, தாளின் தன்மை, பின்னட்டை விளம்பரத்தில் உள்ள விலை என்று துப்பறிய வேண்டும். இதைப் படமெடுக்கும் கூலித் தொழிலாளி தலையில் கட்டினால் அவர் கண்ணில் பட்ட எண்ணைப் போட்டுவிட்டுப் போவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆகவே தேதிக்கு இரண்டு புலம் வேண்டும்: அச்சில் உள்ளது உள்ளபடி ஒன்று, நாம் கணித்த ஆங்கில ஆண்டு இன்னொன்று. கணிப்பு தவறென்று பின்னால் ஒருவர் கண்டால் முதல் புலம் அவருக்குக் கை கொடுக்கும்.

ஊர்ப் பெயரிலும் இதே கதை. மடவார் வளாகம் என்று எழுதுகிறவர் உண்டு, மடவார்வளாகம் என்று சேர்த்து எழுதுகிறவர் உண்டு, மடவார்விளாகம் என்பவரும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர், திருவில்லிபுத்தூர், வில்லிபுத்தூர். கிரந்தத்தை விலக்கினால் சீவில்லிபுத்தூர். எது சரி என்று சண்டை போடுவதற்கு இது இடமில்லை. ஒன்றை நிலைப்பெயராகக் கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதனோடு கட்டி வைக்க வேண்டும். அப்போது எதை அடித்தாலும் எல்லாம் வரும். ஜில்லாப் பெயர்களையும் அப்படியே கட்டலாம். ஆசிரியர் பெயருக்கும் இது பொருந்தும். தலைப்பெழுத்து, ஊர், சாதிப் பட்டம், மடத்துப் பெயர் என்று ஒரே புலவர் நான்கு நூலில் நான்கு விதமாகத் தோன்றுவார். நிலைப்பெயர்ப் பட்டியல் தயாரிப்பது அலுப்பான வேலை, விழா எடுக்க முடியாத வேலை. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் இரண்டு பேரும், தெலுங்கும் கிரந்தமும் வாசிக்கத் தெரிந்த ஒருவரும் வாரம் இரண்டு மாலை உட்கார்ந்தால் ஓராண்டில் ஓர் ஊருக்குப் போதுமான பட்டியல் உருவாகிவிடும்.

படமெடுப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழ்த் தாள் புழக்கத்துக்கு வந்தது. அதில் தங்கிய அமிலம் தாளை உள்ளிருந்தே தின்னும். ராமபாணப் பூச்சி தின்றது போக மீந்ததை அமிலம் தின்கிறது. மடித்தால் ஒடியும் தாளைத் தட்டை ஸ்கேனரில் கவிழ்த்து அமுக்கக் கூடாது. முழுக்க விரிக்காமல் தாங்கிப் பிடிக்கும் தொட்டிலில் வைத்து மேலிருந்து கேமராவால் எடுக்க வேண்டும். பழைய பைண்டர்கள் ஓரத்தை வெட்டியும், மேலட்டையைக் கிழித்தெறிந்தும், நான்கு சிறுபிரசுரங்களை ஒரே காலிகோவுக்குள் தைத்தும் வைத்திருப்பார்கள். அந்த நான்கையும் நான்கு பதிவாக ஏற்ற வேண்டும், ஒன்றாக ஏற்றினால் மூன்று தொலைந்துபோகும். விளம்பரப் பக்கம், வெற்றுப் பக்கம், நூலக முத்திரை, அன்பளித்தவர் கையெழுத்து எதையும் விடக் கூடாது.

கொள்ளளவுக் கணக்கை மட்டும் முன்னதாகவே போட்டுவிட வேண்டும். டெமி எட்டில் ஒன்று அளவுப் பக்கம் ஏறக்குறைய ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். அங்குலத்துக்கு 400 புள்ளி வீதம் வண்ணத்தில் எடுத்தால் 2,200 பெருக்கல் 3,400 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் வீதம், சுருக்காத மூலக்கோப்பு ஒரு பக்கத்துக்கு 22 மெகாபைட்டுக்குச் சற்று மேல். இருநூறு பக்க நூலுக்கு நாலரை ஜிகாபைட். ஆயிரம் நூலுக்கு நாலரை டெராபைட். அதை மூன்று படி வைக்க வேண்டும் என்பதால் பதின்மூன்றரை. வட்டின் விலை இன்று பெரிதில்லை. ஆனால் வட்டு ஐந்தாறு ஆண்டில் சாகும், திரும்ப வாங்க வேண்டும், எப்போதும் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்கேனருக்கு நன்கொடை தருகிறவர் கிடைப்பார். எட்டாம் ஆண்டு வட்டு மாற்ற நன்கொடை தருகிறவரை நான் கண்டதில்லை. வைப்புநிதி ஒன்றின் வட்டியில்தான் அது நடக்க வேண்டியிருக்கும்.

படங்கள் கைக்கு வந்த பிறகு, அவற்றை எழுத்தாக மாற்றும் ஆசை வரும். எழுத்துணரி மென்பொருள் தமிழில் இப்போது நன்றாகவே வேலை செய்கிறது, புதிய அச்சுக்கு. 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. அதற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா ஆகியவை வேறு வடிவில் இருக்கும். ணை, லை, ளை, னை கொம்பு வளைந்து நிற்கும். தேய்ந்த ஈய எழுத்தில் புள்ளி விழுந்திருக்காது. நடுவே கிரந்தம் வந்தால் மென்பொருள் திணறிவிடும். தமிழ் விக்கிமூலத்தில் இந்த வேலையின் அளவு கண்ணுக்குத் தெரியும். தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களை மென்பொருள் விரைவாக எழுத்தாக்கிவிட்டது. மெய்ப்புப் பார்ப்பதற்குத்தான் தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊர் நூலகம் இந்த வேலையில் இறங்கத் தேவையில்லை. படமும் பட்டியலும் சரியாக இருந்தால் எழுத்தாக்கத்தைப் பின்னொரு தலைமுறை இதைவிட நல்ல மென்பொருளால் செய்துகொள்ளும். பட்டியலை அந்தத் தலைமுறைக்கு ஒத்திப்போட முடியாது. யுவ வருஷத்து அச்சகம் எந்தத் தெருவில் இருந்தது என்று சொல்லக்கூடியவர் இன்று எண்பது வயதில் இருக்கிறார்.

சட்டத்தைப் பார்ப்போம். இந்தியாவில் காப்புரிமை ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்து அறுபது ஆண்டு நீடிக்கும். 1964-இல் மறைந்தவரின் எழுத்து 2025 ஜனவரி முதல் நாள் பொதுவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் நாட்டுடைமை என்ற நல்ல வழக்கமும் இருக்கிறது. 1949-இல் பாரதியில் தொடங்கியது அது. ஆனால் ஜகந்நாத ராஜாவைப் போன்றவர்களின் எழுத்துக்கு உரிமைக் காலம் இன்னும் நெடுந்தூரம் போகும். அப்படிப்பட்ட நூலைத் தொடவே கூடாது என்று பல நூலகர்கள் நினைக்கிறார்கள். தொடலாம். காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் 2012-இல் செய்த திருத்தப்படி, இலாப நோக்கில்லாத பொது நூலகம், தன்னிடம் காகிதப் படி இருக்கும் நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்து வைக்கலாம். இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடத்தான் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். எனவே ஒவ்வொரு பதிவிலும் உரிமை நிலை என்ற புலமும், எந்த ஆண்டு திறக்கலாம் என்ற எண்ணும் முதல் நாளே ஏறிவிட வேண்டும். குடும்பத்தாரிடம் கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு எழுதிக் கொடுப்பார்கள். கேட்பதற்குத்தான் ஆள் போவதில்லை.

மூலநூல் ஊரை விட்டுப் போகக் கூடாது என்பது இன்னொரு விதி. பிரிட்டிஷ் நூலகத்தில் 2004 முதல் நடந்துவரும் அழியும் நிலை ஆவணங்களுக்கான நிதித்திட்டம் இதில் கறாரானது. மூலம் அந்தந்த நாட்டிலேயே இருக்க வேண்டும், மின்படி உள்நாட்டு நிறுவனம் ஒன்றிலும் வைக்கப்பட வேண்டும். அந்தத் திட்டத்தில் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சாதிப் பஞ்சாயத்து, ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்பு ஓலைகளையும் தாள்களையும் வீடு வீடாகத் தேடிப் படமெடுத்தது. வைத்திருந்தவர்களிடமே மூலங்கள் தங்கின. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திலும் குடும்பங்களிடம் இருப்பதை இப்படித்தான் அணுக முடியும். கொடுத்துவிடு என்றால் கதவு சாத்திக்கொள்ளும்.

பஞ்சாயத்துத் தீர்ப்பு என்றதும் கடைசிச் சிக்கல் வந்துவிடுகிறது, எதை எல்லோருக்கும் காட்டுவது? மடவார் வளாகம், வைத்தியநாத சுவாமி கோயிலை ஒட்டி வளர்ந்த குடியிருப்பு. கோயிலில் ஆடிய பெண்கள் வாழ்ந்த இடம் என்பது ஊர் வழக்கு. கோயில் கணக்கு, மானியப் பத்திரம், சொத்து வழக்குத் தாள் என்று இப்படிப்பட்ட குடியிருப்புகளின் ஆவணங்கள் எங்கே கிடைத்தாலும் அவற்றில் பெண்களின் பெயர் இருக்கும், தாய் பெயர் இருக்கும், தெரு இருக்கும். தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947-இல். அந்தப் பெயர்களுக்கு உரியவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று வேறு தொழிலில், வேறு ஊரில் இருப்பார்கள். ஆய்வாளருக்கு அந்தத் தாள்கள் பொன். பேரனின் அலுவலகத் தோழர் ஒருவர் பொழுதுபோகாமல் பெயரைத் தட்டித் தேடினால் அதுவே வினையாகும். தமிழில் மின்னூலகம் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் பேசுவதில்லை. 'எல்லாம் எல்லோருக்கும்' என்ற முழக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். நூலுக்கு அந்த முழக்கம் சரி. ஆவணத்துக்கு மூன்று படிநிலை வேண்டும்: இணையத்தில் யாரும் பார்க்கலாம், நூலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுப் பார்க்கலாம், குறித்த ஆண்டு வரை மூடியிருக்கும், ஆனால் படியெடுத்துப் பாதுகாப்பாக இருக்கும். எந்தத் தாள் எந்தப் படிநிலை என்று முடிவு செய்யும் குழுவில் நூலகரும் வக்கீலும் இருந்தால் போதாது, அந்தத் தெருக்களின் குடும்பத்தாரும், குறிப்பாகப் பெண்களும் இருக்க வேண்டும். அவர்கள் மூடு என்றால் மூட வேண்டும்.

இதையெல்லாம் சேர்த்து ஓராண்டுத் திட்டமாக எழுதினால் அது நிதி கொடுப்பவருக்கு உற்சாகம் தராது. முதல் நான்கு மாதம் இருப்புக் கணக்கெடுப்பு. பரண், பெட்டி, குடும்பங்களின் அலமாரி உட்பட. அடுத்த நான்கு மாதம் நிலைப்பெயர்ப் பட்டியலின் முதல் வரைவும் பிற மின்னூலகங்களோடு ஒப்பிடுதலும். கடைசி நான்கு மாதம் உரிமைக் கடிதங்கள், படிநிலை முடிவுகள், ஐம்பது உருப்படிகளில் வெள்ளோட்டம். அந்த ஐம்பதில் ஒரு பழைய வரவுப் பதிவேடு, ஒரு தெலுங்கு நூல், நான்கு பிரசுரங்கள் ஒன்றாகத் தைக்கப்பட்ட ஒரு கட்டு, கொஞ்சம் சிவகாசி லேபிள், தேதி தெரியாத ஒரு திருவிழா நோட்டீஸ் கட்டாயம் இருக்க வேண்டும். சிக்கல் எல்லாம் அவற்றிலேயே வந்துவிடும். வெள்ளோட்டத்துக்குக் கேமராவை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.